கவலை எவருடைய குற்றம்?

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலை, தாயொருவர் பங்குமனைக்கு வந்தார். பூசைக்குத் தவறாது வருபவர். இரவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் செபமாலை சொல்லாமல் படுக்காதவர். வந்தவர் சற்றுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சுவாமி, எனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சோ எண்டு பயமாயிருக்கு" என்றார்.

என்ன சங்கதி என்று வினவினேன். நடுச்சாமத்தில் திடீரென விழிப்பு வந்துவிடுகிறதாம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். கைகால் குளிர்ந்து வியர்க்கிறதாம். எழுந்திருந்து செபம் சொன்னாலும் அடங்குவதில்லையாம். வைத்தியரிடம் காட்டியதில் பிறசர் கூடியிருக்கிறது என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள். "ஆண்டவரை நம்பியிருக்கிற ஒருத்திக்கு இப்படி வரலாமோ சுவாமி?" இதுவே அவர் கேட்க வந்தது.

இத்தகைய கேள்விக்கு நாம் குருக்கள் வழமையாகச் சொல்லும் மறுமொழியையே நானும் சொன்னேன். ஆகாயத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் நினைவூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செபிக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி எழுந்து போனார். வரும்போது இருந்ததிலும் பார்க்கப் போகும்போது அந்தத் தலை சற்று அதிகமாகவே தாழ்ந்திருந்தது. வருத்தக்காரியாக வந்தவரைப் பாவியாக்கி அனுப்பிவிட்டேனோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

கவலைப்படுவது குற்றமா? குற்றமாயின் அது எவருடைய குற்றம்? இதற்கு விடை காண்பதற்கு முன், அந்தத் தாயின் உடலினுள் நடுச்சாமத்தில் நடப்பது யாதென அறிந்துகொள்ளல் வேண்டும்.

நமது இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல ஒவ்வொரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதிரீனல் சுரப்பி என்பது அதன் பெயர். நிறை ஏறக்குறைய ஐந்து கிராம்; ஒரு தேக்கரண்டிச் சீனியின் பாரந்தான். 1855ஆம் ஆண்டில் தோமஸ் அடிசன் என்னும் இலண்டன் வைத்தியர், இச்சுரப்பிகள் பழுதுற்றவர்கள் நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, மாண்டுபோவதை எடுத்துக்காட்டினார். அதன் பின்னரே இச்சிறு உறுப்பு இன்றி மனிதன் வாழமுடியாது என்ற உண்மை வைத்திய உலகுக்குப் புலப்படலாயிற்று.

இருண்ட ஒழுங்கையில் நீங்கள் நடந்து வருகையில் கடிநாய் ஒன்று பாய்கிறதென வைத்துக்கொள்வோம். நீங்கள் சிந்திக்குமுன்னே மூளையின் அடிப்புறத்திலிருந்து நரம்புவழியாகச் செய்தி பறக்கிறது. அதிரீனல் சுரப்பியின் உட்பகுதி அதிரீனலின் என்னும் ஓமோனைக் குருதியில் கொட்டுகிறது. இதயம் விரைகிறது. ஈரல் தன் சேமிப்பிலுள்ள வெல்லத்தை அவிழ்த்துவிடுகிறது. வயிற்றுக்குப் போகவேண்டிய குருதி கால்களுக்கும் கைகளுக்கும் திருப்பப்படுகிறது. வாய் வரள்கிறது, கண்மணி விரிகிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகிவிட்டது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்து வோல்டர் கனன் 1915இல் எழுதிய நூலொன்றில் இந்த ஆயத்தத்தை விரிவாக விளக்கியிருந்தார்.

இதற்குச் சில நிமிடங்கள் பிந்தி இரண்டாவது கட்டளை வருகிறது. மூளையிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி அதிரீனலின் வெளிப்பகுதிக்குச் சொல்ல, அங்கிருந்து கோட்டிசோல் என்னும் ஓமோன் புறப்படுகிறது. ஆபத்து நீடிக்குமாயின் உடலுக்கு வேண்டிய எரிபொருளைத் தொடர்ந்து கிடைக்கச் செய்வதும், அவசரமற்ற வேலைகளை ஒத்திவைப்பதும் இதன் தொழில். இதனை நஞ்சென்று நினைத்துவிடலாகாது. நாள்தோறும் விடியலில் நம்மை எழுப்பி நடமாடச் செய்வதில் இதற்கும் பங்குண்டு. எழுந்து அரைமணி நேரமளவில் இது உச்சத்தில் இருக்கும். பின்பு படிப்படியாகத் தணிந்து நடுச்சாமத்தை ஒட்டி மிகக் குறைந்துவிடும். போதிய அளவு சுரந்ததும், போதும் நிறுத்து என்று மூளைக்கே செய்தி சொல்லும் ஒழுங்கும் அதில் அமைந்திருக்கிறது.

நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். நாய் போகாதிருந்தால் என்ன செய்வது? தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். பாத்திகள் நிரம்பிய பின்னும் அதனை நிறுத்தாதுவிட்டால் பயிரும் அழுகும், கிணறும் வற்றும், இயந்திரமும் சூடேறிப் பழுதாகும். அச்சம் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்குமிடத்து உடலுக்கும் இக்கதியே நேர்கிறது. குருதி அமுக்கம் உயர்ந்தே நிற்கிறது. சலரோகத்துக்கு வழி திறக்கிறது. உறக்கம் கெடுகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் தளர்கிறது. வெறுஞ் சளிக்காய்ச்சல்கூட இலகுவில் பற்றிக்கொள்கிறது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில் 394 சுகதேகிகளின் மூக்கில் சளி வைரசுகளைத் துளியாக விட்டுப் பார்த்தார்கள். மன நெருக்கீடு எவருக்கு அதிகமாயிருந்ததோ அவருக்கே சளி பிடிக்கும் வாய்ப்பும் அதிகமாயிருந்தது.

எல்லா நோய்க்கும் கவலையைக் காரணமாக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு, அதுவும் தவறு. குடற்புண் கவலையால் வருவதென்றே வைத்தியர்கள் நெடுங்காலம் கூறிவந்தார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொறன் என்னும் இருவர் அதன் பிரதான காரணம் ஒரு கிருமியே எனக் காட்டினர். மார்ஷல் 1984இல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்! இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனை ஆயிரம் நோயாளிகள் அதுவரையில் "வீணாக யோசிக்கிறாய், அதுதான் வருத்தம்" என்ற ஏச்சையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள்!

இனி அத்தாயின் கேள்விக்கு வருவோம். நெஞ்சு அடிப்பதும் கை குளிர்வதும் விசுவாசக் குறைவுக்கு அடையாளமா? அல்ல என்று ஐயமின்றிச் சொல்லலாம். குருமடத்தில் நாம் கற்ற புனித தோமஸ் அக்குவினாஸ், 13ஆம் நூற்றாண்டிலேயே இதனைத் தெளிவாக ஆராய்ந்திருக்கிறார். அச்சம், துயரம், கோபம் ஆகிய உணர்ச்சிகள் உடலின் மாற்றத்தோடு சேர்ந்தே எழுபவை. தம்மளவில் அவை நன்மையுமல்ல, தீமையுமல்ல. அறிவும் விருப்பமும் அவற்றை எங்ஙனம் ஆள்கின்றன என்பதிலேதான் குற்றமும் குணமும் பிறக்கின்றன என்பது அவர் போதனை. துயரத்துக்கு மருந்து எவை என்று விளக்குமிடத்தில் அப்பெரிய ஞானி கண்ணீரையும், நண்பரின் ஆறுதலையும், உண்மையைத் தியானிப்பதையும் கூறியதோடு நில்லாமல், நித்திரையையும் குளிப்பையும்கூட ஒரு தனிப் பிரிவில் சேர்த்திருக்கிறார். குருமாணவனாய் இருந்தபோது அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. ஒலிவ மலையில் ஆண்டவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல் நிலத்தில் விழுந்ததாக லூக்கா எழுதியிருக்கிறாரே! அது விசுவாசக் குறைவென்று எவர் சொல்லத் துணிவார்?

ஆகவே கவலைப்படுபவர் குற்றவாளியல்லர் என்று கூறி இக்கட்டுரையை இவ்விடத்திலேயே முடித்திருக்கலாம். ஆயினும், குற்றம் அவருடையதன்று என்றால் வேறெவருடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறதல்லவா?

1967ஆம் ஆண்டு இலண்டனில் அரசாங்க அலுவலகங்களில் பணியாற்றிய ஆண்கள் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அலுவலகங்கள் இருந்த வீதியின் பெயரால் அதனை வைற்ஹோல் ஆய்வு என்பர். இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். எல்லோருக்கும் இலவச வைத்தியம் இருந்தது. நாற்காலியின் உயரத்தில் மட்டுமே வேறுபாடு. மேலே செயலாளர், அவருக்குக் கீழே அதிகாரிகள், அவர்களுக்குக் கீழே எழுதுவினைஞர், எல்லோருக்கும் கீழே கோப்புத் தூக்கும் சிற்றூழியர். (நமது கச்சேரி ஒழுங்கும் அவர்களிடமிருந்து வந்ததுதானே!) மேலிருப்பவருக்கே பொறுப்பு அதிகம், ஆகவே மாரடைப்பும் அவருக்கே அதிகம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கணக்கெடுத்தபோது நேர்மாறாக இருந்தது. பத்தாண்டுக் காலத்தில் அடித்தட்டு ஊழியரின் இறப்பு விகிதம் மேல்தட்டினரிலும் மூன்று மடங்கு. புகைத்தல், உணவு முதலியவற்றால் அந்த வேறுபாட்டில் ஒரு பங்கையே விளக்க முடிந்தது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேர் இருந்தனர். தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்ய இடமில்லாமல், எப்போதும் இன்னொருவர் சொற்படி ஓடவேண்டியவர்களுக்கே இருதய நோய் கூடுதலாக வந்தது என்று அதிலே கண்டார்கள். வேலையின் பளுவிலும் பார்க்க, மேலிருந்து எப்போது என்ன வருமோ என்ற நிலையே மனிதனை அதிகம் தின்றிருக்கிறது.

இதனிலும் வியப்பான செய்தி ஒன்று கென்யா நாட்டுக் காட்டிலிருந்து கிடைத்தது. றொபேட் சப்பொல்ஸ்கி என்னும் அமெரிக்கர் 1978 முதல் அங்கே பபூன் குரங்குக் கூட்டங்களைக் கவனித்து, அவற்றின் குருதியில் நெருக்கீட்டு ஓமோன்களை அளந்து வந்தார். பலமுள்ள ஆண் குரங்குகள் தம் எரிச்சலைத் தமக்குக் கீழானவற்றின் மீது தீர்க்கும். கடிபட்டது தனக்கும் கீழானதைக் கடிக்கும். கீழ்நிலைக் குரங்குகளின் குருதியில் அந்த ஓமோன்கள் உயர்ந்தே இருந்தன. 1980களில் ஓர் உல்லாச விடுதியின் குப்பைக் கிடங்கில் கழித்துவிட்ட இறைச்சியைத் தின்று அவற்றுக்குச் சயரோகம் பற்றியது. குப்பைக்குப் போய்ச் சண்டையிட்டுத் தின்றவை கூட்டத்தின் முரட்டு ஆண்களே. ஆகவே மாண்டவையும் அவையே. எஞ்சியவை சாதுவானவை. அக்கூட்டத்தில் கடிபாடு குறைந்தது. ஒன்றையொன்று தடவிப் பேன் பார்ப்பது மிகுந்தது. கீழ்நிலைக் குரங்குகளின் உடலிலும் நெருக்கீட்டின் அடையாளங்கள் காணப்படவில்லை. பபூன்களில் இளம் ஆண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போவது வழக்கம். பத்து ஆண்டுகளின் பின் பார்த்தபோது பழைய ஆண்கள் ஒன்றும் அக்கூட்டத்தில் இல்லை. வெளியிலிருந்து வந்த புதியவையும் அந்தச் சாந்தமான நடையையே பழகியிருந்தன! 2004இல் இது வெளியிடப்பட்டது. கீழே இருப்பதாலேயே அஞ்சி நடுங்கவேண்டும் என்ற இயற்கை விதி ஒன்று இல்லை. மேலே இருப்பவரின் நடத்தையைப் பொறுத்தது அது என்பதை ஒரு குரங்குக் கூட்டம் காட்டிவிட்டது. மனிதராகிய நாம் நாணவேண்டிய செய்தி.

"கவலை உன் மனத்தில்தான் இருக்கிறது" என்ற புத்திமதியை நாம் எச்சரிக்கையோடு கேட்கவேண்டும் என்பதற்கு இன்னுமொரு காரணமுண்டு. நெருக்கீடு என்ற கருத்தையே உலகெங்கும் பரப்பியவர் கனடாவில் வாழ்ந்த ஹான்ஸ் செலியே. எலிகளுக்கு எவ்வகைத் துன்பம் நேர்ந்தாலும் அவற்றின் அதிரீனல் சுரப்பி வீங்குவதையும், வயிற்றில் புண் உண்டாவதையும் கண்டு 1936இல் எழுதினார். பெரிய விஞ்ஞானி. அவர் 1982இல் காலமானார். பிற்காலத்தில், நீதிமன்ற வழக்குகளின் பயனாகப் புகையிலைக் கம்பனிகளின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது, அவருடைய ஆராய்ச்சிக்கு அக்கம்பனிகள் பணம் கொடுத்திருந்தமை தெரியவந்தது. நெருக்கீடே இருதய நோய்க்குக் காரணம் என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும் அல்லவா? நோயாளியின் மனத்தை நோக்கி விரல் நீட்டுவதால் இலாபமடைபவர் எவரோ இருக்கலாம் என்பதை அன்றிலிருந்து நான் மறப்பதில்லை.

நமது வீடுகளுக்கு வருவோம். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 42 தம்பதிகளின் முன்கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறுவதை அவதானித்தார்கள். அன்பாகப் பேசிய நாளிலும் பார்க்க, பிணக்குள்ள விடயத்தைப் பேசிய நாளின் பின் புண் ஆறத் தாமதித்தது. கடுஞ்சொல் மிகுந்த தம்பதிகளின் புண், மற்றவர்களின் புண் ஆறும் வேகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு வேகத்திலேயே ஆறியது. 2005இல் வெளியான ஆய்வு இது. சொல் தோலுக்குள் போகிறது! தகப்பனின் சைக்கிள் சத்தம் படலையில் கேட்டதும் பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிடும் வீடுகள் எல்லாப் பங்கிலும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒழுங்கையில் பாயும் நாய்தான். ஆனால் அது இரவிலும் வீட்டிலேயே படுத்திருக்கும் நாய்.

இங்கே ஒரு தகப்பன் எழுந்து, "சுவாமி, எனக்கும் அதே ஓமோன்தானே சுரக்கிறது, நான் என்ன செய்ய?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறை நம்முடையது. 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன, உடல்கள் ஓய்ந்தனவா? ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இன்றும் என் கால்கள் பதுங்குகுழி இருந்த திசையை நோக்கி ஓர் அடி வைக்கின்றன. அவற்றை நான் ஏவுவதில்லை. வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பிள்ளைகள் அனுபவித்த யுத்தக் கொடுமையும் தகப்பனின் குடியும் வீட்டில் நடக்கும் அடிதடியோடு தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. அச்சம் மேலிருந்து கீழே கைமாறிக்கொண்டு வருகிறது, பபூன் கூட்டத்திற்போல. ஆயினும் நமது பழைய போதனை இங்கே உதவுகிறது: கோபத்தின் முதல் அசைவு நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று, அதற்கு இணங்குவது நம் ஆட்சிக்கு உட்பட்டது. நெஞ்சு கொதிப்பதற்கு அத்தகப்பன் கணக்குக் கொடுக்கவேண்டியதில்லை. கை ஓங்குவதற்குக் கொடுக்கவேண்டும். எல்லை எப்போதும் இவ்வளவு நேராக இருப்பதில்லை என்பதையும் அறிவேன். யுத்தத்தில் உடைந்த சிலருக்குக் கொதிப்புக்கும் கைக்கும் இடையே ஒரு கணம்கூட மிஞ்சுவதில்லை. அத்தகையோரை ஏசிப் பயனில்லை. வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

அந்தத் தாயை மறுபடியும் நானே போய்க் கண்டேன். செபத்தைப் பற்றிப் பேசவில்லை. எந்தெந்த இரவுகளில் விழிப்பு வருகிறது என்று கேட்டேன். அவர் யோசித்தார். "புதன்கிழமைகளிலதான் கூட, சுவாமி." ஏன் புதன்? வியாழன் காலையில் நுண்கடன் கட்டுக்காசு வாங்க ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவாராம். மகளின் கலியாணத்துக்கு எடுத்த கடன். அதைக் கட்டுவதற்கு இன்னொரு கடன். காசு குறைந்தால் படலையில் நின்று அயலவர்க்குக் கேட்கும்படி பேசுவாராம். குழுவிலுள்ள மற்றப் பெண்களும் அவருக்காகக் காத்து நிற்கவேண்டும். அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடியாதாம். விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணியிருந்தது வாரத்துக்கொருமுறை கிழமை தவறாமல் வந்த ஒரு மோட்டார் சைக்கிள். முதன்முறை வந்தபோதே நான் கேட்டிருந்தால் அறிந்திருக்கலாம். கேட்கவில்லை.

பங்கிலுள்ள சிலர் சேர்ந்து கடன்காரரோடு பேசித் தவணையை நீட்டியிருக்கிறோம். படலையில் நின்று சத்தம் போடுவது நின்றிருக்கிறது. கடன் தீரவில்லை. குளிசையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்; பிறசர் முற்றாக இறங்கவுமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் என்னைக் குறித்தும் ஒன்று சொல்லியாகவேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகும் நாட்களில் என் குரல் உயரும். பிழை ஒன்று கண்ணில் பட்டால் எவர் எவரென்று பாராமல் பேசிவிடுவேன். பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டதாக நினைப்பேன். பக்கம் ஒழுங்குசெய்யும் இளைஞரிடம் அண்மையில் இக்கட்டுரையின் முதற் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பாதர், உங்கட செருப்புச் சத்தம் படியில கேட்டா, இண்டைக்கு எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். படிகள் மொத்தம் பதினான்கு. அவர் எண்ணி வைத்திருக்கிறார்.